எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீர்

கடந்த ஆண்டு பிரிவு உபசார விழா முடிந்த மாலையில், பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னோடு எடுத்துக்கொண்ட படத்தைத் தன் கைப்பேசியில் காட்டினாள். அவள் தோளில் என் கை இருந்தது. இருவரும் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம். புடவை என்னுடையது, காதோரத்தில் கோணலாக விழுந்திருந்த நரைமுடியும் என்னுடையதுதான், ஆனால் வாய் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது. அந்தச் செயலி, யாரும் கேட்காமலேயே, என் முன்பற்கள் அத்தனையையும் உப்புக்கல் வெள்ளையில் தீட்டிவிட்டிருந்தது. "சூப்பரா வந்திருக்கீங்க மிஸ்" என்றாள். 42 வயது வரை பழகிய வாயைப் படத்தில் காணோம் என்று அவளிடம் சொல்லத் தோன்றவில்லை. எனக்கும் ஒன்று அனுப்பி வை என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எனக்குக் காவிப் பல். இந்த ஒரு சொல்லுக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுண்ணாம்பு அடித்த சுவரில் மழைநீர் ஒழுகிய தடம்போலப் பற்களின் குறுக்கே மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள் ஓடும். இடையிடையே சாக்பீஸ் வெள்ளையில் திட்டுகள் இருக்கும். சிலருக்குப் பல்லின் மேற்பரப்பே குண்டும் குழியுமாகப் பெயர்ந்திருக்கும். நான் பிறந்து வளர்ந்தது பாலக்கோட்டுக்கும் காரிமங்கலத்துக்கும் இடையிலுள்ள ஒரு சிற்றூர். இப்போது கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கிறேன். அழகைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு உண்டென்று நான் என்றும் நினைத்ததில்லை. ஆனால் ஒரு வட்டாரமே ஒரே குறையைத் தண்ணீரோடு குடித்து வளர்ந்தால், அங்கே அழகு என்ற சொல்லுக்கு என்ன நேர்கிறது என்பதை உள்ளே இருந்து பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

எனக்கு முதலில் முளைத்த பற்கள் வெள்ளையாகத்தான் இருந்தன. ஆறு வயதில் அவை ஒவ்வொன்றாக விழத் தொடங்கியபோது, சாணி உருண்டைக்குள் பொதிந்து கூரைமேல் எறியச் சொல்லி ஆயா கொடுப்பார். அப்போதுதான் புதுப்பல் நல்ல பல்லாக முளைக்குமாம். நானும் ஒன்றுவிடாமல் எறிந்தேன். புதுப்பற்கள் பளபளப்பில்லாத சுண்ணாம்பு நிறத்தில் வந்தன. ஓரிரு ஆண்டுகளில் அவற்றின் மேல் காவி ஏறத் தொடங்கியது. அம்மா முதலில் அடுப்புச் சாம்பலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். பிறகு செங்கல் பொடி, உப்பும் கரித்தூளும், எலுமிச்சைத் தோல் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஈறு புண்ணாகி இரத்தம் வந்ததே தவிர, கறை இம்மியும் நகரவில்லை. "ஒழுங்கா தேய்க்கறதே இல்ல இவ" என்று அப்பா அம்மாவிடம் சொல்வார். சொல்லும்போது தெரியும் அவருடைய பற்கள் பழுப்பு நிறத்தில்தான் இருந்தன என்பது அப்போது எங்கள் இருவருக்குமே வேடிக்கையாகத் தோன்றவில்லை.

தேய்ப்பது வீட்டுக்குள் நடந்த சண்டை மட்டுமே. வெளியே போனால் அதற்கு ஒரு பொருளும் இல்லை, ஏனென்றால் ஊரில் என் வயதுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அதே பல். வகுப்பில் முப்பது பேர் சிரித்தால் முப்பது வாயிலும் காவி தெரியும். கறுப்பி, குண்டு, நெட்டை, தெத்துப்பல் என்று எங்களுக்குள் பட்டப்பெயர்கள் இருந்தன. காவிப் பல்லை வைத்து ஒருவருக்கும் பெயர் வைக்கவில்லை. எல்லோருக்கும் இருப்பதை வைத்து யாரை அடையாளம் காட்டுவது? வெள்ளைப் பற்களைத் திரைப்படச் சுவரொட்டிகளில் பார்த்திருந்தோம். கதாநாயகியைச் சுற்றி ஆடும் நாற்பது பேரைப்போல அதுவும் சினிமாவுக்கு உரியது என்று விட்டுவிட்டோம். ஆயாவின் பற்கள் வெற்றிலைச் சிவப்பு. அவர் சிறுமியாக இருந்தபோது ஊர்க் கிணற்றில் இறைத்த தண்ணீரைக் குடித்தவர். எங்களுக்குக் கிடைத்தது 1980களில் போட்ட ஆழ்துளைக் கிணற்றின் அடிபம்புத் தண்ணீர். பளிங்குபோல இருக்கும், வாடை கிடையாது, சுவையும் குறை சொல்ல முடியாது. கலங்கிய கிணற்றுத் தண்ணீரிலிருந்து நாங்கள் தப்பித்துவிட்டதாகவே பெரியவர்கள் பெருமைப்பட்டார்கள்.

காரணம் பாறையில் இருந்தது. எங்கள் பக்கத்து நிலத்தடியில் கிடக்கும் கருங்கல், நைஸ் வகைப் பாறைகளில் அப்படைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. பாறை இடுக்கில் தண்ணீர் எவ்வளவு காலம் தங்குகிறதோ அவ்வளவுக்கு ஃபுளோரைடு அதில் கரைகிறது. மழை குறைந்து, கிணறு வற்றி, துளை ஆழமாகப் போகப் போக, நீண்ட காலம் பாறையோடு கிடந்த தண்ணீரே மேலே வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. அதற்கு மேல் போனால், ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில் பல்லின் கெட்டியான மேலுறையான எனாமலைக் கட்டும் செல்களின் வேலை கெடுகிறது. எனாமல் கெட்டிப்படாமல் நுண்துளைகளோடு நின்றுபோகிறது. பல் வெளியே வந்த பிறகு அந்தத் துளைகளில் நிறம் ஏறுகிறது. ஞானப்பற்களைத் தவிர மற்ற நிலைப்பற்களின் எனாமல் ஏறக்குறைய எட்டு வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். மேல் முன்பற்களுக்கோ முதல் மூன்று ஆண்டுகளே முக்கியமானவை. அதன் பிறகு எந்தத் தண்ணீரைக் குடித்தாலும் இந்தக் கறை புதிதாக வரவும் வராது, வந்தது போகவும் போகாது. மேலே பூசியதைத்தான் தேய்த்து எடுக்கலாம். இது பல்லின் கட்டுமானத்திலேயே சேர்ந்தது. அம்மாவின் செங்கல் பொடி தோற்றது அதனால்தான்.

இதை நான் அறிந்துகொண்டது கல்லூரிக்குப் போன பிறகு. 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்குப் பணிக்குப் போன ஃபிரெடெரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்துத் திகைத்தார் என்றும், தண்ணீரிலுள்ள ஃபுளோரைடுதான் காரணம் என்று 1931இல்தான் ஒரு வேதியியலாளர் உறுதிசெய்தார் என்றும் படித்தபோது, எங்கள் ஊர்க் கதையை யாரோ அமெரிக்காவில் கொண்டுபோய் வைத்ததுபோல இருந்தது. அந்தக் கறைப் பற்கள் எளிதில் சொத்தையாவதில்லை என்பதையும் மெக்கே கவனித்திருந்தார். அந்தக் கவனிப்பின் நீட்சியாக 1945இல் மிச்சிகன் மாநிலத்தின் கிராண்ட் ரேப்பிட்ஸ் நகரில், பிள்ளைகளின் பற்களைக் காப்பதற்காகக் குடிநீரில் ஃபுளோரைடைச் சிறு அளவில் கலக்கவே தொடங்கினார்கள். அங்கே அளந்து ஊற்றுவதை இங்கே பாறை அளக்காமல் ஊற்றியது. சென்னை மாகாணத்தில், அன்றைய நெல்லூர் மாவட்டப் பகுதியில், இந்த நோய் பரவலாக இருப்பதாக மருத்துவர்கள் 1937லேயே எழுதியிருக்கிறார்கள். நான் பிறப்பதற்கு 46 ஆண்டுகளுக்கு முன்பு அது.

2000இல் சேலத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரத்தில், என் கட்டிலின்மேல் ஒரு புதிய பல் துலக்கியும் பற்பசையும் இருந்தன. அறைத்தோழி வாங்கி வைத்திருந்தாள். அவளுக்கு என்மேல் ஏளனம் இல்லை என்பதை அன்றும் அறிவேன். கிராமத்திலிருந்து வந்த பெண், வீட்டில் வாங்கித்தர வசதி இல்லை போலும் என்று இரக்கப்பட்டு, தன் கைக்காசில் வாங்கியிருந்தாள். கேலி செய்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். இரக்கத்துக்கு என்ன பதில் சொல்வது? நன்றி சொன்னேன். அன்றிரவு குளியலறைக் கண்ணாடியில் என் வாயை முதன்முறையாக வேறொருவர் பார்ப்பதுபோலப் பார்த்தேன். மறுநாளிலிருந்து சிரிப்பு வரும்போதெல்லாம் வலக்கை தானாக வாய்க்கு ஏறத் தொடங்கியது. வலக்கையில் நோட்டு இருந்தால் இடக்கை ஏறும். இரண்டிலும் ஏதாவது இருந்தால் துப்பட்டாவில் முகம் கவிழும். பிற்பாடு, கைப்பேசி வந்த காலத்தில், முகமே தெரியாதவரோடு பேசிச் சிரிக்கும்போதும் கை மேலே போவதைக் கவனித்து எனக்கே ஆத்திரம் வந்திருக்கிறது.

எட்டு வயதிலிருந்து பல் மாறவில்லை. பேருந்தில் தொப்பூர்க் கணவாயைத் தாண்டியதுதான் மாறியது. கணவாய்க்கு இந்தப் பக்கம் பல்லாக இருந்தது, அந்தப் பக்கம் குறையாகிவிட்டது. இதை நினைத்து நான் பல நாள் வியந்திருக்கிறேன், ஏனென்றால் அதுவரை அழகு என்பது முகத்தில் இருப்பது என்றே நம்பியிருந்தேன்.

வெள்ளைப் பல்மீதான ஆசையைப் பற்பசை நிறுவனங்களின் தலையில் மட்டும் கட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. அது நம் மொழியிலேயே பழையது. பாலும் தேனும் கலந்ததுபோன்ற இனிமையைப் பாடும் 1121ஆம் குறளில் காதலியின் பல்லை வள்ளுவர் 'வாலெயிறு' என்கிறார்; தூய வெண்பல் என்று பொருள். முத்துப் பல், முல்லை அரும்புப் பல் என்று பிற்காலத்துப் புலவர்களும் அதையே சொல்லிக்கொண்டு போனார்கள். ஆனால் அதே மொழியில், பாட்டுக்கு வெளியே, வீட்டுத் திண்ணையில் புழங்கிய சொலவடை வேறொன்றைச் சொன்னது: ஆலும் வேலும் பல்லுக்குறுதி. உறுதிதான் அங்கே பேச்சு, நிறம் இல்லை. 'பல் போனால் சொல் போச்சு' என்பதிலும் நிறம் இல்லை. சொலவடை சொன்னவர்கள் பல்லால் கரும்பைக் கடித்தவர்கள். கவிஞர்கள் அதைத் தூர நின்று பார்த்தவர்கள் என்று வகுப்பில் நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு, தமிழாசிரியர் காதில் விழாதபடி. ஜப்பானிலோ மணமான பெண்களும் பிரபுக்களும் இரும்புக் கரைசலால் பற்களைக் கறுப்பாக்கிக்கொள்வதே பல நூற்றாண்டுகளாக அழகாக இருந்தது. 1870இல் பிரபுக்களுக்கு அது தடைசெய்யப்பட்டது. 1873இல் பேரரசி வெள்ளைப் பல்லோடு வெளியே வந்தார். அதன்பின் கறுப்பு மெல்லப் பழசாகிப்போனது. ஓர் அரசாணையும் ஓர் அரசியின் வாயும் சேர்ந்து ஒரு நாட்டின் கண்ணையே மாற்றிவிட முடிகிறது என்றால், அந்தக் கண்ணுக்கு அஞ்சி நான் கையைத் தூக்கிக்கொண்டிருந்தது எவ்வளவு அற்பமான காரியம் என்று இன்று தோன்றுகிறது. ஆனால் அன்று தோன்றவில்லை; தோன்றியிருந்தாலும் கை கேட்டிருக்காது.

2007இல் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார்கள். படம் எடுக்கப் பாலக்கோட்டில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனபோது, "லேசா சிரிங்க, பல்லு தெரியாம" என்றார் படம் எடுத்தவர். எங்கள் பகுதிப் பெண்கள் எல்லோரிடமும் அவர் அப்படித்தான் சொல்வாராம். தொழில் நேர்மை என்றுகூடச் சொல்லலாம். ஈரோட்டுப் பக்கமிருந்து வந்த ஓர் இடம் எல்லாம் கூடிவந்து, என்னை நேரில் பார்த்த பிறகு, பல்லுக்கு ஏதாவது வைத்தியம் செய்துகொண்டால் மேற்கொண்டு பேசலாம் என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பியது. என் அண்ணனுக்கும் அதே பல்தான், என்னுடையதைவிடவும் மோசம். அவனுக்குப் பெண் பார்க்கப் போன நான்கு வீடுகளிலும் சம்பளத்தையும் நிலத்தையும் கேட்டார்கள். பல்லைப் பற்றி ஒரு வீட்டிலும் பேச்சே எழவில்லை. கடைசியில் எனக்கு அமைந்தவர் பர்கூர்ப் பக்கத்துக்காரர். திருமணம் நிச்சயமான பிறகு முதன்முறையாகத் தனியாகப் பேசியபோது, நான் வழக்கம்போல வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொல்ல, அவர் வாய் நிறையச் சிரித்தார். என் பல்லைப்போல இரண்டு பங்கு காவி. என் கை எப்போது கீழே இறங்கியது என்று எனக்கே நினைவில்லை.

ஆயா இந்தப் பெண் பார்க்கும் படலம் முழுவதும் ஒரே கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கல்யாணப் பேச்சு எடுத்ததும் அவ்வை பிள்ளையாரிடம் போய், இந்த அழகும் இளமையும் எனக்கு வேண்டாம் என்று கேட்டுக் கிழவியாகிப் போன கதை. தகடூர் என்ற இன்றைய தருமபுரியை ஆண்ட அதியமான் மண்ணில் பிறந்தவர்களுக்கு அவ்வை வேற்றாள் இல்லை. நெல்லிக்கனி கதை தெரியாத பிள்ளை இங்கே கிடையாது, பக்கத்துத் தெருவில் தெலுங்கு பேசுபவர்கள் பாட்டியை அவ்வா என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அந்தக் கதை பிடிக்கவே பிடிக்காது. அழகிலிருந்து விடுபட ஒரு பெண் தன் இளமை முழுவதையும் விலையாகக் கொடுக்க வேண்டுமா என்று ஆயாவிடம் சண்டை போடுவேன். பின்னாளில் புறநானூற்றின் 89ஆம் பாடலைப் படித்தபோதுதான் சங்கத்து ஔவையாருக்கும் கதையில் வரும் கிழவிக்கும் தொடர்பு குறைவு என்பது புரிந்தது. அதில் பகையரசன் ஒருவன் அவரை அணிகலன் பூண்ட இடையையும், மையுண்ட கண்களையும், ஒளி வீசும் நெற்றியையும் உடைய விறலியே, அதாவது ஆடிப் பாடும் பெண்ணே, என்று விளித்து, உங்கள் நாட்டில் எதிர்த்துப் போரிடுவார் உண்டோ என்று கேட்கிறான். ஔவையார் கண்ணைப் பற்றியோ நெற்றியைப் பற்றியோ ஒரு சொல்லும் பேசவில்லை. மன்றத்தில் தொங்கும் தண்ணுமை என்ற தோற்கருவியைக் காற்று தீண்டி ஓசை எழுந்தாலும் போர் வந்துவிட்டதென்று எழுகின்றவன் எங்கள் தலைவன் என்று, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறார். அழகைப் பொருட்படுத்தாமல் இருப்பதற்குக் கிழவியாக வேண்டியதில்லை என்று ஆயாவிடம் காட்டியிருக்கலாம். அதற்குள் ஆயா போய்விட்டார்.

ஃபுளோரைடின் பெருங்கேடு பல்லில் இல்லை, எலும்பில் இருக்கிறது. லிட்டருக்கு 3 முதல் 6 மில்லிகிராம் உள்ள தண்ணீரைப் பல ஆண்டுகள் குடித்தால் எலும்புகளில் அது படிந்து பாதிப்பு தெரியத் தொடங்கலாம் என்றும், 10ஐத் தாண்டினால் உடல் முடங்கும் அளவுக்குப் போகக்கூடும் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மூட்டு பிடித்துக்கொள்ளும், தசைநார்களில் சுண்ணாம்பு ஏறும், முதுகு வளைய மறுக்கும். ஆனவற்றைத் திருப்ப மருந்து கிடையாது. இவ்வளவும் இருக்க, எங்கள் வட்டாரத்தில் ஃபுளோரைடு என்றால் பல்தான். நோயை அளக்கும் கோல்களிலேயே கண் பல்லின்மேல்தான் இருக்கிறது. இன்றும் கணக்கெடுப்புகளில் புழங்கும் அளவீட்டை 1930களில் உருவாக்கி 1942இல் திருத்திய டிரெண்ட்லி டீன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர், அதன் நடுத்தரப் படியை விளக்கும்போது பழுப்புக் கறை தோற்றத்தைக் கெடுக்கக்கூடியது என்றே குறித்து வைத்தார். எங்கள் பள்ளியில் கணக்கெடுக்க வந்தவர்களும் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "ஈ காட்டு" என்று சொல்லி, ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டுக்கொண்டு போனார்கள். வரிசையின் ஓரத்தில் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயம்மாவால் குனிந்தால் நிமிர முடியாது. அவரை யாரும் கேட்கவில்லை.

என் அம்மாவுக்கும் முழங்கால்கள் பத்து ஆண்டுகளுக்கு முன்பே மடங்க மறுத்துவிட்டன. வயதாலும் இருக்கலாம், தண்ணீராலும் இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். கட்டிலிலிருந்து எழுந்து வாசலுக்கு வர அம்மாவுக்கு நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடமும் வாயைத் திறக்க மாட்டார். ஒருநாள் தொலைக்காட்சியில் பற்பசை விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தபோது என்னைப் பார்த்து, "இப்பதான் நீயே சம்பாரிக்கறியே, அந்தப் பல்லுக்கு ஏதாச்சும் பண்ணிக்கக் கூடாதா?" என்றார். முதலில் உன் முட்டிக்குச் சேலத்தில் ஒரு பெரிய டாக்டரைப் பார்ப்போம் என்றேன். "முட்டிய எவன் பாக்கப்போறான் கண்ணு, சேலைக்குள்ள கெடக்குது. பல்லத்தான பாப்பான்" என்றார். அழகைப் பற்றி எனக்கு ஒரு கோபம் உண்டென்றால் அது இந்த இடத்தில் பிறந்தது. என்னைக் கூச்சப்பட வைத்ததைக்கூட மன்னித்துவிடலாம். வெளியே தெரிவதுதான் நோய், உள்ளே வலிப்பது தலையெழுத்து என்று ஒரு தலைமுறைப் பெண்களை நம்ப வைத்துவிட்டதை மன்னிக்க முடியவில்லை.

2008 பிப்ரவரியில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். உடனே எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்திலிருந்து எதிர்ப்பு கிளம்பியது. அதைக் கண்டித்து ஏப்ரலில் திரைத்துறையினர் சென்னையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். ஊரில் தொலைக்காட்சி முன் கூடி அதைப் பார்த்தோம். உலகத்திலேயே வெண்மையான பற்களை உடையவர்கள் எங்கள் காவிப் பற்களுக்காகப் பட்டினி கிடக்கிறார்கள் என்று என் கணவர் சொன்னது இன்றும் எங்கள் வீட்டில் வழங்கும் நகைச்சுவை. ஜப்பானியக் கடனுதவியோடு 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவான திட்டம் 2013 மே மாதத்தில் திறக்கப்பட்டது. காவிரித் தண்ணீர் இரு மாவட்டங்களுக்கும் குழாயில் வரத் தொடங்கியது. அம்மா வீட்டுக்கு அடுத்த ஆண்டு வந்தது. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகள்தான் இப்போது என்னிடம் ஆறாம் வகுப்பிலும் ஏழாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். அவர்கள் சிரிக்கும்போது வரிசையாக வெள்ளை தெரிகிறது. வகுப்பில் நின்று அதைப் பார்ப்பதில் எனக்கு உள்ள மகிழ்ச்சியை எழுதிக் காட்ட முடியாது. அந்த வெள்ளை எனக்கு அழகாகத் தெரிவதைவிட, அந்தப் பிள்ளைகளின் முழங்கால்கள் மடங்கும் என்பதற்கான செய்தியாகத் தெரிகிறது.

ஆனால் ஒன்று நடந்துவிட்டது. முப்பது பேருக்கும் காவி இருந்த வகுப்பில் நான் பெற்றிருந்த பொருட்படுத்தாத சுதந்திரம், இன்று முப்பதில் மூன்று பேருக்கு மட்டும் காவி இருக்கும் வகுப்பில் அந்த மூவருக்கும் இல்லை. நான் அதை என் மனத்திடத்தால் பெறவில்லை, மற்ற இருபத்தொன்பது பேரும் எனக்குக் கொடுத்திருந்தார்கள். தன்னை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும், ஊர் என்ன சொன்னால் என்ன என்று மேடைகளில் பேசுகிறவர்களைக் கேட்கும்போது, அவர்கள் தனியாக அதைச் செய்து பார்த்தவர்களா என்று எனக்கு ஐயம் எழும்.

இதையே என் சித்தி மகள் என்னிடம் வேறு மாதிரியாகச் சொன்னாள். பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தின் வரவேற்பறை வேலைக்கு இரண்டு முறை நேர்காணலுக்குப் போய், இரண்டு முறையும் காரணம் சொல்லப்படாமல் திரும்பியவள், மூன்றாம் முறைக்கு முன்பு மேல்வரிசை ஆறு பற்களுக்குச் செராமிக் கேப் போட்டுக்கொண்டாள். பல் ஒன்றுக்கு 7,000 ரூபாய் வீதம் 42,000 ரூபாய், பாதி கடன். கேப் போட வேண்டுமென்றால் இருக்கும் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும். ராவிய எனாமல் திரும்ப வளராது. கேப்பையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும். சொத்தையில்லாத உறுதியான பல்லை நிறத்துக்காக இழைத்துத் தள்ளுவதா என்று நான் அறிவியல் ஆசிரியையின் தோரணையில் கேட்டேன். "அக்கா, உனக்கு கவர்மென்ட் வேலை. உன் பல்லப் பாத்து உன்ன யாரும் வீட்டுக்கு அனுப்ப முடியாது. நீ சிரிக்கலாம்" என்றாள். நான் என் துணிவு என்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததில் பாதி என் நியமன ஆணை என்று அன்று தெரிந்தது. அவளுக்கு அந்த வேலை கிடைத்தது. அண்மையில் அவள் குழந்தையின் பெயர்சூட்டு விழாவில் எடுத்த படத்தில், வெள்ளைப் பற்களோடு அவளும் காவிப் பற்களோடு நானும் பக்கத்தில் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கிறோம். இரண்டு வாயையும் எனக்குப் பிடித்திருக்கிறது என்று எழுதினால் நம்புவீர்களோ தெரியாது. நம்புவதற்கு எனக்கே சில ஆண்டுகள் ஆயின.

இவ்வாண்டு என் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். மலையடிவாரக் குடியிருப்பு ஒன்றிலிருந்து வருகிறவள். அங்கே குழாய் பதித்தாயிற்று, தண்ணீர் எப்போதாவது வரும்; மற்ற நாட்களில் பழைய ஆழ்துளைக் கிணறுதான். முன்வரிசையில் இடம் கொடுத்தாலும் பின்வரிசைக்குப் போய்விடுவாள். கேள்விக்கு விடை தெரிந்தாலும் எழுந்து நின்று உதட்டைக் குவித்துக்கொண்டு சொல்வாள். நாம் வாயைப் பொத்திக்கொள்வதை நிறுத்திவிட்டால் அவளும் நிறுத்திவிடுவாள் என்ற மூடநம்பிக்கையில் சில வாரங்கள் அவள் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சிரித்துப் பார்த்தேன். அவள் என்னைச் சற்று விநோதமாகப் பார்த்ததுதான் மிச்சம்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரையும் வீட்டில் குடிக்கும் தண்ணீரைச் சிறு பாட்டிலில் கொண்டுவரச் சொன்னேன். ஃபுளோரைடு சோதனைப் பெட்டியிலுள்ள சிர்கோனியம்–அலிசரின் கரைசல் இளஞ்சிவப்பாக இருக்கும். தண்ணீரில் ஃபுளோரைடு கூடக் கூட அந்தச் சிவப்பு வெளுத்து மஞ்சளுக்கு மாறும். மேசையில் வரிசையாகச் சோதனைக் குழாய்களை வைத்து, ஒவ்வொன்றின்மேலும் பெயர் எழுதி ஒட்டி, சொட்டு சொட்டாக விட்டோம். காவிரித் தண்ணீர் குடிக்கும் வீடுகளின் குழாய்கள் சிவந்தே நின்றன. கேன் தண்ணீரும் அப்படியே. அவளுடைய குழாயும், அதே குடியிருப்பிலிருந்து வரும் பையன் ஒருவனுடைய குழாயும் எல்லோர் கண்ணெதிரிலும் மஞ்சளாயின. பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு பார்த்தார்கள். எந்த வயதில் குடித்த தண்ணீர் பல்லில் ஏறும், எந்த வயதில் குடிப்பது எலும்புக்குப் போகும் என்று கரும்பலகையில் வரைந்தேன். நான் குடித்த அடிபம்பையும் வரைந்து, என் வாயைத் திறந்து காட்டினேன்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் அவள் மேசையருகே நின்றுகொண்டிருந்தாள். அந்தக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் சரியா தேய்க்காததால இல்லையா மிஸ்?"

இல்லை என்றேன்.

"இத ஒரு பாட்டில்ல ஊத்திக் குடுங்க மிஸ். எங்கம்மாகிட்ட காட்டணும்."

குடிக்கக் கூடாது, கையில் படக் கூடாது என்று இரண்டு முறை சொல்லி, மூடியை இறுக்கி, காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன். அவள் குடியிருப்புக்குத் தண்ணீர் ஒழுங்காக வர வேண்டும் என்று கேட்டு எழுதிய மனுவில் அடுத்த வாரம் முதல் கையெழுத்து அவளுடைய அம்மாவுடையது. ஆங்கிலத் தேதியைத் தப்பாகப் போட்டிருந்ததால், அடித்துவிட்டு மறுபடி எழுதியிருந்தார்.